இன்ஜெக்டர் கிளீன் பண்றப்ப ஃபியூல் பம்ப ஏன் ஆஃப் பண்றாங்க?

இன்ஜினுக்கு பெட்ரோல பீய்ச்சி விடுற சின்ன வால்வுதான் இன்ஜெக்டர். அத கிளீன் பண்றத புதுசா பாக்குறவங்களுக்கு புரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. ஃபியூல் பம்ப் ஃபியூஸ உருவி தனியா வச்சாச்சு, டேங்க்ல இருந்து ஒரு சொட்டு பெட்ரோல் வரல, ஆனாலும் இன்ஜின் அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு. பெட்ரோல் இல்லாம எப்படி ஓடுது, பம்ப நிறுத்துறதுக்கும் இன்ஜெக்டர் சுத்தமாகுறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா ரெண்டுக்கும் ஒரே பதில்தான். பம்ப நிறுத்துறதால எதுவும் சுத்தமாகாது. அந்த நேரத்துல இன்ஜின் குடிக்கிறது பெட்ரோல் இல்ல, பானட்ல தொங்கவிட்ட ஒரு கேன்ல இருக்குற கிளீனர். அது வர்ற பாதைல பெட்ரோலும் சேந்து வந்துடக்கூடாதுன்னுதான் பம்புக்கு லீவு.

இது வெறும் ஃபியூஸ் மேட்டர்னு நெறைய பேர் நினைக்கிறாங்க, யூடியூப்லயும் ஃபியூஸ உருவுறதோட விட்டுடுறாங்க. பாதி வேலைதான் அது. மீதி பாதி என்னன்னு புரியணும்னா பெட்ரோல் எங்க கிளம்பி எங்க போகுதுன்னு மொதல்ல தெரியணும்.

சாதாரண எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் காரையே, அதாவது சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் இருக்குற காரையே எடுத்துக்கலாம். ஃபியூல் பம்ப் டேங்குக்கு உள்ளயே பெட்ரோல்ல முங்கி இருக்கும். அது எலக்ட்ரிக் மோட்டார், அதுக்கு கூலிங்கும் அந்த பெட்ரோல்தான், அதனாலதான் எப்பவும் ரிசர்வ்லயே வண்டி ஓட்டாதீங்கன்னு சொல்றது. பம்ப் தள்ளுற பெட்ரோல் வண்டிக்கு அடியில லைன் வழியா முன்னாடி வந்து, இன்ஜின் மேல இருக்குற ஃபியூல் ரெயில்னு ஒரு குழாய்க்குள்ள நிக்கும். பிரஷர் பெரும்பாலான வண்டில 3ல இருந்து 4 பார் வரைக்கும், பி.எஸ்.ஐ.ல சொன்னா சுமார் 43ல இருந்து 58. அந்த ரெயில்ல சிலிண்டருக்கு ஒண்ணுன்னு இன்ஜெக்டர் குத்தி வச்சிருப்பாங்க.

இன்ஜெக்டர்ங்கறது ஒரு காயில் போட்ட வால்வு, அவ்ளோதான். ஈ.சி.யு.ங்கற இன்ஜின் கம்ப்யூட்டர் கரண்ட் கொடுத்தா உள்ள இருக்குற ஊசி கொஞ்சமே கொஞ்சம் மேல எழும்பும், நுனில இருக்குற பொடிப்பொடி ஓட்டைகள் வழியா பெட்ரோல் புகை மாதிரி பீய்ச்சும், கரண்ட் நின்னா ஸ்பிரிங் மறுபடியும் அடைச்சிடும். ஐடிலிங்ல ஒரு தடவ திறந்து மூடுறதுக்கு ரெண்டு மூணு மில்லி செகண்ட்தான். 3000 ஆர்.பி.எம்.ல ஓடுறப்ப ஒவ்வொரு இன்ஜெக்டரும் செகண்டுக்கு 25 தடவ திறந்து மூடுது. ஈ.சி.யு.வுக்கு எவ்ளோ பெட்ரோல் போச்சுன்னு அளக்க மீட்டர் கிடையாது, இவ்ளோ நேரம் திறந்தா இவ்ளோ போகும்னு ஒரு கணக்குதான். ஓட்டைல லேசா படிவு சேந்தா அந்த கணக்கு தப்பும், அதோட ஸ்பிரே உடைஞ்சு போய் புகையா வர வேண்டியது தாரையா, சொட்டா வரும். அங்கதான் ஐடிலிங் ஆட்டம், காலைல ஸ்டார்ட்டிங் ட்ரபுள், பிக்கப் கம்மி, மைலேஜ் டவுன் எல்லாம் ஆரம்பிக்குது.

இந்த படிவு வண்டி ஓடுறப்ப வர்றதவிட வண்டிய ஆஃப் பண்ணின அப்புறம்தான் அதிகம் வருது. கூலன்ட் ஓட்டம் நின்னுடும், இன்ஜின் சூடு அப்படியே மேல ஏறி இன்ஜெக்டர் நுனிய காய வைக்கும், அங்க ஒட்டிட்டு இருக்குற துளி பெட்ரோல்ல லேசான பகுதி ஆவியாகிடும், கனமான பகுதி பிசின் மாதிரி அங்கயே காஞ்சு ஒட்டிக்கும். அடுத்த தடவ ஆஃப் பண்றப்ப அதுக்கு மேல இன்னொரு படலம். அதனாலதான் தினமும் ஹைவேல நூறு கிலோமீட்டர் ஓடுற வண்டிக்கு இந்த பிரச்சன கம்மியா இருக்கும், கடைக்கு ஸ்கூலுக்குன்னு பக்கத்துலயே பத்து தடவ ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ற வண்டிக்கு சீக்கிரம் வரும். இது புது விஷயமும் இல்ல. 1980-கள்ல அமெரிக்காவுல இன்ஜெக்டர் வண்டிங்க பரவலாக ஆரம்பிச்சப்பவே இந்த அடைப்பு பெரிய தலைவலியா இருந்துச்சு, கடைசில 1995ல இருந்து அங்க விக்கிற எல்லா பெட்ரோல்லயும் படிவு சேராம தடுக்குற டிடர்ஜென்ட் கலந்தே ஆகணும்னு சட்டமே வந்துச்சு.

சரி, சேந்த படிவ எடுக்க என்ன வழி? டேங்க்ல பாட்டில் ஊத்துறது ஒண்ணு. பி.இ.ஏ.ன்னு சொல்ற பாலிஈதர்அமீன் இருக்குற கிளீனர் வாங்கி, பாட்டில்ல போட்டிருக்குற அளவுக்கு பெட்ரோல் நிரப்பி ஓட்டுறது. இதுல பம்ப தொடவே வேணாம், பம்ப்தான் கிளீனர கொண்டு போய் சேக்கணும். இன்னொரு பக்கம், இன்ஜெக்டர மொத்தமா கழட்டி அல்ட்ராசோனிக் மெஷின்ல போட்டு, டெஸ்ட் பெஞ்சுல மாட்டி ஒவ்வொண்ணும் எத்தன மில்லி ஊத்துது, ஸ்பிரே எப்படி விழுதுன்னு கண்ணால பாக்குறது. இதுதான் இருக்குறதுலயே உருப்படியான முறை, ஆனா வேலை அதிகம், ஓ-ரிங்னு சொல்ற ரப்பர் வளையம் எல்லாம் கட்டாயம் புதுசு போடணும். ரெண்டுக்கும் நடுவுல இருக்குறதுதான் நம்ம பேசுற கேன் முறை. இன்ஜெக்டர கழட்டாம, அது இருக்குற இடத்துலயே, இன்ஜின ஓட விட்டு, டேங்க்ல ஊத்துறதவிட பல மடங்கு கெட்டியான கிளீனர அதுக்குள்ள ஓட்டுறது.

இந்த கேன்ல கிளீனர் இருக்கும், மேல ஒரு பிரஷர் கேஜ், ஒரு ரெகுலேட்டர். காம்ப்ரசர்ல இருந்து காத்து கொடுத்து கிளீனர அழுத்தி, ஹோஸ் வழியா ஃபியூல் ரெயில்குள்ள தள்ளுவாங்க. அதாவது பம்ப் பண்ற அதே வேலைய கேன் பண்ணுது. இப்ப பம்பும் ஓடினா?

வீட்ல கார்ப்பரேஷன் தண்ணியும் போர் மோட்டாரும் ஒரே பைப்ல சேந்திருந்தா என்ன ஆகும்னு யோசிங்க. எதோட பிரஷர் அதிகமோ அதோட தண்ணிதான் குழாய்ல வரும், கேட் வால்வ மூடலன்னா போர் தண்ணி கார்ப்பரேஷன் லைனுக்குள்ளயே போயிடும். இங்கயும் அதே கதைதான். பம்ப் பிரஷர் மேல இருந்தா பெட்ரோல் ஹோஸ் வழியா கேனுக்குள்ள ஏறும், கேன் நிரம்பும், அதுல வால்வு சரியில்லன்னா பெட்ரோல் காத்து லைன் பக்கமே எட்டிப் பாக்கும். கேன் பிரஷர் மேல இருந்தா கிளீனர் டேங்க் பக்கம் ஓடும். ரெண்டும் சமமா இருந்தா கலந்து கட்டி என்னமோ ஒண்ணு போகும், காசு கொடுத்து வாங்கின கிளீனர் தண்ணியா போனதுதான் மிச்சம். அதனால பம்ப நிறுத்தணும். ஆனா மோட்டார ஆஃப் பண்ணினா மட்டும் போதாது, கேட் வால்வும் மூடணும். நான் மேல சொன்ன மீதி பாதி அதுதான்.

கேட் வால்வுன்னு எத சொல்றேன்னு பாக்கணும்னா உங்க வண்டில ரிட்டர்ன் லைன் இருக்கான்னு தெரியணும். பழைய வண்டிங்க பலதுல ரெயிலுக்கு ரெண்டு லைன் இருக்கும். ஒண்ணுல பெட்ரோல் வரும், மிச்சம் ஆனது இன்னொண்ணு வழியா டேங்குக்கே திரும்பி போகும். ரெயில் ஓரத்துல வட்டமா ஒரு டப்பா, அதுல இருந்து சின்ன வேக்குவம் ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டுக்கு, அதாவது இன்ஜினுக்குள்ள காத்து போற குழாய்க்கு போகும், அதுதான் பிரஷர் ரெகுலேட்டர், பிரஷர் அளவ தாண்டினா திறந்து மிச்சத்த ரிட்டர்ன்ல விடும். இந்த மாதிரி வண்டில வெறும் பம்ப் ஃபியூஸ மட்டும் உருவிட்டு கேன மாட்டினா, கிளீனர்ல பாதி இன்ஜெக்டருக்கு போகாது, ரெகுலேட்டர தள்ளி திறந்துட்டு ரிட்டர்ன் வழியா சத்தமில்லாம டேங்குக்கு போயிடும். அதுலயும் ஐடிலிங்ல வேக்குவம் இழுக்குறதால ரெகுலேட்டர் சுமார் அரை பார் கம்மியாவே திறந்துடும், 3 பார் வண்டின்னா 2.5லயே வழி விட்டுடும். நீங்க கேன்ல 3 பார் வச்சா நேரா டேங்குதான். அதனால ரிட்டர்ன் லைன அடைக்கணும். ரப்பர் ஹோஸா இருந்தா அதுக்குன்னே இருக்குற கிளாம்ப் போட்டு அழுத்தலாம். பிளாஸ்டிக் லைனா இருந்தா அழுத்தவே கூடாது, பிளையர் வச்சு அழுத்தி கிராக் விட்டா அப்புறம் லைனே மாத்தணும், அத கழட்டி மூடி போட்டு அடைக்கிறதுதான் முறை.

புது வண்டிங்கள்ல பெரும்பாலும் ரிட்டர்ன் லைனே கிடையாது. ரெகுலேட்டர் டேங்குக்குள்ள பம்போடவே இருக்கும், முன்னாடிக்கு ஒத்த லைன்தான் வரும். இதுல வேலை ஈஸி மாதிரி தெரியும், ஆனா அந்த ஒத்த லைன் வழியாவே கிளீனர் பின்னாடி டேங்குக்கு போக வழி இருக்கு. பம்புல ஒரு வழி வால்வு இருக்கும், தடுக்கும்தான், ஆனா பழைய பம்புல அது லீக் ஆகும். அதனால நல்ல மெக்கானிக் என்ன பண்ணுவார்னா இன்ஜின் பக்கம் லைன கழட்டி, டேங்க்ல இருந்து வர்ற முனைய மூடி போட்டு அடைச்சிட்டு, ரெயில் பக்கத்து முனைல அடாப்டர் மாட்டி கேன் ஹோஸ சேப்பார். சில வண்டி ரெயில்லயே டயர்ல காத்தடிக்கிற வால்வு மாதிரி ஒரு டெஸ்ட் வால்வு இருக்கும், அதுலயும் மாட்டலாம், ஆனா நம்ம ஊர்ல ஓடுற பல கார்ல அது இருக்காது.

இப்ப பம்ப நிறுத்துறதுக்கு வருவோம். வழி பல இருக்கு. ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் படம் போட்டிருப்பான், அதுல எஃப்/பி, ஃபியூல் பம்ப், இல்ல பெட்ரோல் பங்க் சின்னம் ஏதாவது ஒண்ணு இருக்கும். சாவிய ஆஃப் பண்ணிட்டு அந்த பாக்ஸ்லயே சொருகி வச்சிருக்குற பிளாஸ்டிக் இடுக்கிய வச்சு உருவலாம். ஆனா சில வண்டில பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் இல்ல ஈ.சி.யு.வுக்கும் ஒரே ஃபியூஸ், அத உருவினா இன்ஜெக்டரும் செத்துடும், அப்புறம் கேன மாட்டி என்ன பிரயோஜனம், இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகாது. அப்ப பம்புக்கு கரண்ட ஆன் ஆஃப் பண்ற பம்ப் ரிலேய எடுக்கணும். அதுக்கு பதிலா ஈ.சி.யு.வுக்கே கரண்ட் கொடுக்குற மெயின் ரிலேய எடுத்துட்டு வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு தலைய பிச்சுக்குற ஆளுங்களும் உண்டு, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி கறுப்பு டப்பாதான். பின் சீட்ட தூக்கினா சில கார்ல பம்புக்கு மேல ஒரு மூடி இருக்கும், அத திறந்து கனெக்டர கழட்டுறதுதான் சந்தேகமே இல்லாத வழி, ஏன்னா பம்புக்கு போற வயர் அங்கதான் இருக்கு. ஃபோர்டு கார்கள் பலதுல இடி பட்டா பம்ப நிறுத்துற இனர்ஷியா சுவிட்ச் தனியா இருக்கும், அதோட கனெக்டர உருவினாலும் பம்ப் நிக்கும்.

நின்னுச்சான்னு பாக்க கருவியெல்லாம் வேணாம். சாவிய ஆன் பொசிஷனுக்கு திருப்பினதும், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, பின் சீட் பக்கம் இருந்து ரெண்டு செகண்ட் 'ஊம்ம்'னு ஒரு சத்தம் வந்து நிக்கும் பாருங்க, அதான் பம்ப் பிரஷர் ஏத்துற சத்தம். ஃபியூஸோ ரிலேயோ எடுத்த அப்புறம் அந்த சத்தம் வரக்கூடாது. வந்தா நீங்க எடுத்தது வேற ஃபியூஸ்.

சில புது வண்டில பம்புக்கு தனி கன்ட்ரோல் மாட்யூல் இருக்கும், பம்ப் கரண்ட் எடுக்கலன்னா ஈ.சி.யு. கண்டுபிடிச்சு செக் லைட் போட்டுடும், பி0230 மாதிரி பம்ப் சர்க்யூட் எரர் கோடு வரும், சிலது இன்ஜின ஒழுங்கா ஓடவும் விடாது. அதுக்கும் ஒரு வழி இருக்கு. ரெண்டு லைன் இருக்குற வண்டியா இருந்தா, டேங்க்ல இருந்து வர்ற லைனையும் திரும்பி போற லைனையும் ஒரு யு ஹோஸ் போட்டு நேரா இணைச்சிடலாம், பம்ப் பாட்டுக்கு ஓடும், பெட்ரோல் ரெயில் பக்கமே வராம சுத்தி டேங்குக்கே போயிடும். பம்ப நிறுத்தாமலே பம்ப ஓரங்கட்டுறது. என்னைக் கேட்டா பழைய ரிட்டர்ன் லைன் வண்டிக்கு இதுதான் அழகான வழி, ஃபியூஸ் தேடுற வேலை இல்ல, ரெயில் பக்கம் திறந்து நிக்கிற ரிட்டர்ன் முனைய மட்டும் மூடி போட்டு அடைக்கணும். ஆனா ஒண்ணு, அந்த மாதிரி வண்டில பம்ப் ஓடுறப்ப லைன வெறுமனே அடைச்சு வச்சிடக்கூடாது, ரெகுலேட்டர் முன்னாடி இருக்குறதால பிரஷருக்கு போக்கிடம் இல்லாம எக்கச்சக்கமா ஏறி, எந்த ஹோஸ் வீக்கோ அது பிச்சுக்கும்.

பம்ப நிறுத்துறதுல இன்னொரு லாபமும் இருக்கு, பாதுகாப்பு. ஓடி நின்ன வண்டியோட ரெயில்ல 3 பார் பிரஷர் அப்படியே நிக்கும், மணிக்கணக்கா கூட நிக்கும். அந்த நேரத்துல லைன கழட்டினா பெட்ரோல் கண்ணுல முகத்துல பீய்ச்சும், சூடான எக்ஸாஸ்ட் மேல விழுந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. அதனால வழக்கமா பண்றது இதான்: இன்ஜின ஐடிலிங்ல ஓட விட்டு பம்ப் ரிலேயயோ ஃபியூஸயோ உருவுறது. உடனே நிக்காது, ரெயில்ல மிச்சம் இருக்குறத குடிச்சிட்டு சில செகண்ட் ஓடும், அப்புறம் குலுங்கும், ஒரு இருமல், ஆஃப். அதுக்கப்புறம் சில செகண்ட் செல்ஃப் அடிச்சா இன்னும் கொஞ்சம் இறங்கும். டேங்க் மூடியையும் ஒரு தடவ திறந்து மூடணும், வெயில்ல நின்ன வண்டின்னா டேங்குக்குள்ள ஆவி அழுத்தம் இருக்கும். இவ்ளோ பண்ணியும் லைன கழட்டுறப்ப ஒரு துணிய சுத்திதான் கழட்டணும், கொஞ்சமாவது வரும். கண்ணாடி போட்டுக்கோங்க, பக்கத்துல தீயணைப்பான் வச்சுக்கோங்க, பவுடரோ சி.ஓ.டூ.வோ எதுவா இருந்தாலும் சரி. பெட்ரோல் தீக்கு வாளித் தண்ணி ஊத்தினா தீ தண்ணியோட சேந்து தரை பூரா ஓடும். இன்ஜின் ஓடப் போகுது, அதனால மூடின ஷெட்ல பண்ணவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது.

பிரஷர் இறங்கின அப்புறம்தான் லைன கழட்டி, அடைக்க வேண்டியத அடைச்சு, கேன் ஹோஸ மாட்டுறது. கேன்ல பிரஷர் வண்டியோட ஃபியூல் பிரஷர் எவ்ளோவோ அதுக்கு கொஞ்சம் கம்மியா வைப்பாங்க, 3 பார் வண்டிக்கு 2.7 மாதிரி. மொதல்ல இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம கேன் வால்வ மட்டும் திறந்து ஜாயின்ட்ல எங்கயாவது கசியுதான்னு விரல் வச்சு தடவிப் பாக்கணும். கசிவு இல்லன்னா ஸ்டார்ட். பெட்ரோல் இன்ஜின் கெட்டியான கிளீனர்ல ஓடுறப்ப கொஞ்சம் கரகரன்னு ஓடும், சைலன்சர்ல காரமா ஒரு நாத்தம் வரும், வெள்ளையா லேசா புகையும் வரலாம். ஐடிலிங்ல கொஞ்ச நேரம், அப்பப்ப 2000 பக்கம் ஏத்தி இறக்கி, மொத்தம் பத்து பதினஞ்சு நிமிஷம், கிளீனர் டப்பால போட்டிருக்குற நேரம்தான் கணக்கு. சிலர் நடுவுல நிறுத்தி ஊற விட்டு மறுபடி ஓட்டுவாங்க, காஞ்சு போன பிசின் கரைய நேரம் வேணும்ங்கறதால அதுல அர்த்தம் இருக்கு. கேன் காலி ஆனதும் இன்ஜின் தானா நின்னுடும். அப்படி தானா நின்னா பம்ப் உண்மையாவே ஆஃப்ல இருந்துச்சு, பெட்ரோல் கலக்கலன்னு ஒரு சாட்சி. கேன் காலி ஆகியும் இன்ஜின் ஓடிட்டே இருந்தா எங்கயோ பெட்ரோல் வந்துட்டு இருக்கு.

திரும்ப மாட்டுறப்ப வரிசை முக்கியம். கேன் காத்த இறக்கி, ஹோஸ கழட்டி, லைன பழையபடி மாட்டி, கனெக்டர் 'க்ளிக்'னு விழுந்துச்சான்னு கேட்டு, ஒரு தடவ இழுத்தும் பாத்து, கிளாம்ப் இருந்தா எடுத்துட்டு, அதுக்கப்புறம் கடைசியாதான் ஃபியூஸ். லைன மாட்டாம மொதல்ல ஃபியூஸ சொருகி யாராவது சாவிய திருப்பினா அந்த ரெண்டு செகண்ட் 'ஊம்ம்' போதும், கொதிக்கிற இன்ஜின் மேல பெட்ரோல் அபிஷேகம். ஃபியூஸ் போட்டதும் ஸ்டார்ட் பண்ணாம சாவிய நாலஞ்சு தடவ ஆன் ஆஃப் பண்ணினா லைன்ல பெட்ரோல் நிரம்பிடும், அப்ப ஜாயின்ட டார்ச் அடிச்சு பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணணும். செக் லைட் வந்திருந்தா ஸ்கேனர்ல கோட அழிச்சுக்கலாம். கிளீனர் கொஞ்சம் ஆயில்லயும் இறங்க வாய்ப்பு இருக்கு, அதனால ஆயில் சேஞ்ச் வர்ற நேரத்துல, ஆயில் மாத்துறதுக்கு முன்னாடி இத பண்றது புத்திசாலித்தனம்.

எல்லா வண்டிக்கும் இது ஒத்து வராது. டீசல் பக்கமே போகாதீங்க. காமன் ரெயில் டீசல்ல பிரஷர் 1600, 2000 பார்னு போகும், அந்த லைன லூஸ் பண்ணி கைய வச்சா டீசல் தோல கிழிச்சு உள்ள ஏறும், ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ற கேஸ் அது. போதாததுக்கு அந்த பம்புக்கு லூப்ரிகேஷனே டீசல்தான், பெட்ரோல் வண்டி கிளீனர ஓட்டினா பம்ப் தேஞ்சு போயிடும். டர்போ பெட்ரோல்ல டி.எஸ்.ஐ., ஜி.டி.ஐ.ன்னு வர்ற டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிக்கு ரெண்டு பம்ப், டேங்க்ல ஒண்ணு, இன்ஜின்ல கேம் தள்ளுற ஹை பிரஷர் பம்ப் ஒண்ணு. அதுல கேன மாட்டுறதா இருந்தாலும் லோ பிரஷர் பக்கம்தான், ஹை பிரஷர் பக்கம் நூறு பாருக்கு மேல, விவரம் தெரியாம தொடக்கூடாது. அதுவும் இல்லாம அந்த வண்டில பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கிறதால இன்டேக் வால்வு மேல படவே படாது, வால்வுல சேந்த கார்பனுக்கு இந்த கிளீனிங் ஒண்ணும் பண்ணாது, அதுக்கு வேற வேலை.

நம்ம ஊர்ல சி.என்.ஜி. வண்டிக்காரங்க ஒண்ணு கவனிக்கணும். சி.என்.ஜி.லயே ஓட்டிட்டு பெட்ரோல மறந்துடுறது வழக்கம், அப்ப பெட்ரோல் இன்ஜெக்டர் வேலை இல்லாம சூட்டுல உக்காந்து காயும், அடைப்பு இன்னும் சீக்கிரம் வரும். கிளீனிங் பண்றப்ப வண்டி பெட்ரோல் மோடுல இருக்கணும், ஆட்டோமேட்டிக்கா சி.என்.ஜி.க்கு மாறிட்டா பெட்ரோல் இன்ஜெக்டர் மூடிக்கும், இன்ஜின் ஜம்முனு ஓடும், கேன்ல அளவு மட்டும் இறங்காது. வெளில போட்ட சில கிட்ல சி.என்.ஜி.ல ஓடுறப்பவும் பெட்ரோல் பம்ப் சும்மா ஓடிட்டே இருக்கும், டேங்க காய விட்டா பம்ப் புகைஞ்சிடும், அது தனி செலவு.

பைக்குக்கு வந்தா, 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்ததுல இருந்து நூறு சி.சி. கம்யூட்டர்ல கூட பலது எஃப்.ஐ., அதாவது ஃபியூல் இன்ஜெக்ஷன் ஆகிடுச்சு. பம்ப் பெட்ரோல் டேங்குக்கு அடிலயே இருக்கும், சாவி போட்டா அதே 'ஊம்ம்' சத்தம், பிரஷர் அதுலயும் 3 பார் பக்கம்தான். இங்க பம்ப நிறுத்துறது சுலபம், டேங்க தூக்கினா கனெக்டர் கைக்கு வரும். ஆனா பைக்ல இன்ஜெக்டர் ஒண்ணே ஒண்ணுதான், கழட்டுறதும் பெரிய வேலை இல்ல, அதனால கேன் போட்டு கஷ்டப்படுறதவிட கழட்டி பெஞ்சுல வச்சு பாத்துடலாம். சிரிஞ்சுல கார்ப் கிளீனர், அதாவது கார்புரேட்டர் கிளீனர் நிரப்பி பேட்டரில நேரா வயர் தொட்டு 'டிக் டிக்'னு அடிக்கிறாங்களே, அது ஓரளவுக்கு வேலை செய்யும், தொட்டுத் தொட்டு எடுக்கணும், பிடிச்சு வச்சா காயில் சூடாகி போயிடும், பெட்ரோல் ஓட்டம் இல்லாதப்ப அதுக்கு கூலிங் கிடையாது. அப்படி தீப்பொறி பறக்குற பேட்டரிக்கு பக்கத்துல ஆவியாகுற கிளீனர வச்சு விளையாடுறத நான் சிபாரிசு பண்ண மாட்டேன். தின்னர், மண்ணெண்ண ஊத்துறதும் அப்படித்தான், தின்னர் ஓ-ரிங்க ஊதிப் போக வைக்கும், அப்புறம் இன்ஜெக்டர் அடில பெட்ரோல் கசியும்.

இவ்ளோ சொல்லியாச்சு, ஆனா உங்க வண்டிக்கு இது வேணுமாங்கறது தனி கேள்வி. மிஸ்ஸிங், ஜெர்க்னு சொன்னதும் இன்ஜெக்டர் கிளீனிங்னு பில்லுல ஏத்துற இடம் நெறைய. ஸ்பார்க் பிளக், காயில், ஏர் ஃபில்டர், கறுத்துப் போன த்ராட்டில் பாடி, எங்கயோ கிழிஞ்ச வேக்குவம் ஹோஸ், எல்லாமே இதே மாதிரி தொல்லைதான் கொடுக்கும், அதெல்லாம் சரி பண்றது இதவிட சல்லிசு. பம்பே வீக்கா இருந்தாலும் இதே அறிகுறிதான், அப்ப மொதல்ல ஃபியூல் பிரஷர் கேஜ் மாட்டி பாக்கணும், பிரஷரே 2 பார்னா இன்ஜெக்டர எத்தன தடவ கழுவினாலும் ஒண்ணும் மாறாது. ஒரே ஒரு சிலிண்டர்ல மட்டும் பெட்ரோல் சரியா எரியாம மிஸ்ஃபயர் ஆகி, பி0303 மாதிரி எரர் கோடு வந்தா அந்த இன்ஜெக்டர பக்கத்து சிலிண்டருக்கு மாத்திப் போட்டா கோடும் கூடவே மாறுதான்னு தெரிஞ்சிடும், மாறினா அத கழட்டி பெஞ்சுல பாக்குறதுதான் சரி, கேன் வேணாம்.

எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் அடைப்புன்னு சந்தேகம் வந்தா ஸ்கேனர மாட்டி லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம்னு ஒரு நம்பர பாக்கச் சொல்லுங்க. ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் பத்தலன்னு சொல்றப்ப ஈ.சி.யு. எவ்ளோ சதவீதம் கூட்டி ஊத்துதுங்கறதுதான் அது. நல்ல வண்டில சைபர் பக்கத்துல, கொஞ்சம் மேல கீழ இருக்கும். பிளஸ் 10, பிளஸ் 15னு நின்னா பெட்ரோல் பத்தலங்குது, பி0171 கோடும் வரலாம், காத்து லீக்கும் பிரஷரும் சரியா இருந்தா அப்ப இன்ஜெக்டர் மேல சந்தேகப்படலாம். கிளீனிங் முடிஞ்சு கொஞ்ச நாள் ஓட்டினதும் அந்த நம்பர் இறங்குதான்னு மறுபடி பாக்கணும். சர்வீஸ் விடுறப்ப இதையும் கூட கேட்டு வைங்க, பம்ப ஆஃப் பண்ணி கேன் மாட்டி பண்ணுவீங்களா, இல்ல டேங்க்ல பாட்டில் ஊத்துவீங்களான்னு. ரெண்டுக்கும் பில்லுல போடுற பேர் ஒண்ணுதான், பாட்டில்னா நீங்களே வாங்கி பங்க்ல ஊத்திக்கலாம்.